வெள்ளாடு வளர்ப்போரும் கால்நடை மருத்துவமும்: மருந்தகத்துக்கு ஆடு ஏன் தாமதமாக வருகிறது?

2019-இல் நடந்த 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 99 லட்சம் வெள்ளாடுகள் இருந்தன; மாடுகள் சுமார் 95 லட்சம்தான். எண்ணிக்கையில் மாட்டை முந்திவிட்ட வெள்ளாடு, கால்நடை மருந்தகத்துக்கு வருவதில் மட்டும் மாட்டுக்கு வெகுவாகப் பின்தங்கியே இருக்கிறது. வருகிற ஆடுகளிலும் பெரும்பாலானவை தீவனத்தைத் தொடாமல், தலை தொங்கி, கழிச்சலில் பின்னங்கால்கள் நனைந்து, இரண்டு மூன்று நாள் வீட்டு வைத்தியமும் மருந்துக்கடை மருந்தும் பார்த்துவிட்ட பிறகே வருகின்றன. இதை வளர்ப்போரின் அறியாமை என்று சொல்லி முடித்துவிடும் பழக்கம் பயிற்சி வகுப்புகளிலும் கூட்டங்களிலும் நெடுநாளாக இருந்து வருகிறது. அது தவறான விளக்கம் என்பது என் உறுதியான கருத்து. ஆடு வளர்ப்பவர் மருத்துவரை நாடுவதும் நாடாமல் இருப்பதும் ஒரு கணக்கைப் பொறுத்தது. அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளாமல் ஆடுகளுக்கான மருத்துவச் சேவையைச் சீர்செய்ய முடியாது.

கிராம அளவில் கால்நடை ஆய்வாளர் பொறுப்பில் கிளை நிலையம், அதற்கு மேல் கால்நடை உதவி மருத்துவர் அமர்ந்திருக்கும் மருந்தகம், வட்டத் தலைநகர்களில் மருத்துவமனை, அதற்கும் மேலே பன்முக மருத்துவமனை என்று தமிழ்நாட்டின் அரசுக் கால்நடை மருத்துவம் அடுக்கடுக்காக அமைந்துள்ளது. இந்த அமைப்பு ஊர் ஊராக விரிவடைந்ததற்குப் பெரிய காரணம் பால் மாடு. சினை ஊசி, கலப்பினக் கன்று, பால் சங்கம் ஆகிய மூன்றும் சேர்ந்து மாட்டையும் மருத்துவரையும் ஒரு கயிற்றில் கட்டின. மாடு பருவத்துக்கு வரும்போதெல்லாம் ஊசி போட ஆள் வேண்டும். சினை பிடித்ததா என்று பார்க்க வேண்டும். ஈனும்போது கன்று சிக்கினால் கை கொடுக்க வேண்டும். மடிவீக்கம் வந்தால் மறுநாள் பால் குறையும், பால் குறைந்தால் அந்த வாரப் பணம் குறையும். நோயின் நட்டம் நாள்தோறும் கண்ணுக்குத் தெரிவதால் மருத்துவருக்குச் செலவழிப்பதில் தயக்கம் எழுவதில்லை. வெள்ளாட்டுக்கு இந்தத் தொடர்பு எதுவும் இல்லை. பட்டியில் இருக்கும் கிடாவோ பக்கத்து வீட்டுக் கிடாவோ சினைக்குப் போதும். ஈற்று பெரும்பாலும் உதவியின்றி நடந்துவிடும். பால் சங்கம் போல ஆட்டுக்காரர்களை வாரந்தோறும் ஓரிடத்தில் சேர்க்கும் அமைப்பு கிடையாது. அவர்கள் கூடுகிற ஒரே இடம் சந்தை. அங்கே அவர்கள் சந்திப்பது மருத்துவரை அன்று, வியாபாரியை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நான்கு மாதக் குட்டி ஒன்று 4,000 ரூபாய் பெறும் என்று வைத்துக்கொள்வோம். மருந்தகம் 6 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. பேருந்தில் ஆட்டை ஏற்ற மாட்டார்கள்; இரு சக்கர வண்டியில் முன்னால் போட்டுக்கொண்டு போக வீட்டில் ஆண் ஆள் இருக்க வேண்டும், அல்லது ஆட்டோ பிடிக்க வேண்டும். மருந்தகம் திறந்திருக்கும் காலை நேரமும் மந்தையை மேய்ச்சலுக்கு ஓட்டிச் செல்லும் நேரமும் ஒன்றாக வருகின்றன. ஒரு நோயாளி ஆட்டுக்காக மற்ற பத்து ஆடுகளையும் பட்டியில் அடைத்துப் போட்டால் அவற்றுக்குத் தழை வெட்டிப் போட வேண்டும், அன்றைய கூலி வேலைக்கும் போக முடியாது. மருத்துவர் அன்று தடுப்பூசி முகாமுக்கோ கூட்டத்துக்கோ போயிருந்தால் மறுநாளும் இதே அலைச்சல். சிகிச்சை இலவசம் என்றாலும், கூலியும் போக்குவரத்தும் வெளியில் வாங்க எழுதிக் கொடுக்கும் மருந்தும் சேர்ந்தால் ஆயிரம் ரூபாயைத் தொட்டுவிடும். இவ்வளவும் செய்து குட்டி பிழைக்கும் என்று உறுதி உண்டா என்றால், முற்றிய நோயில் அது பாதிக்குப் பாதிதான். நாலாயிரம் ரூபாய்ப் பொருளைக் காக்க ஆயிரம் ரூபாயைப் பந்தயம் வைக்கும் இந்தக் கணக்கைப் பட்டிக்காரர் மனத்துக்குள் ஒரு நொடியில் போட்டு முடித்துவிடுகிறார். மாட்டுக்காரரும் அதே ஆயிரம் ரூபாயைத்தான் செலவழிக்கிறார், ஆனால் ஐம்பதாயிரம் ரூபாய்ப் பொருளுக்காக.

அரசின் கணக்கும் இதே விகிதத்தில்தான் போகிறது. தேசியக் கால்நடை இயக்கத்தின் காப்பீட்டு விதிகளில் 10 ஆடுகள் சேர்ந்து ஒரு மாட்டுக்குச் சமமான ஓர் அலகாகக் கொள்ளப்படுகின்றன. பேரிடர் நிவாரண விதிமுறைகளில் இறந்த கறவை மாட்டுக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000 ரூபாய் என்று வைத்திருக்கிறார்கள். மதிப்பை ஒட்டிப் பணம் நிர்ணயிப்பதில் குற்றம் காண முடியாது. ஆனால் மருத்துவப் பணியையும் இதே அலகால் அளக்கத் தொடங்கினால் ஆடு காணாமல் போய்விடும். பத்து ஆடுகளுக்கு மருந்து ஊற்றுவது ஒரு மாட்டுக்கு மருந்து ஊற்றுவதைப் போல ஒரு வேலை அன்று, பத்து வேலை. ஒவ்வோர் ஆட்டையும் பிடிக்க வேண்டும், எடையை மதிப்பிட வேண்டும், வாயைத் திறக்க வேண்டும், அதன் பின் அடையாளமிட்டு விட வேண்டும்.

நோயாளி ஆட்டுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. மாடு வளர்ப்பவருக்கு அவ்வளவு எளிதாகக் கிடைக்காத அந்த வழியின் பெயர் கறிக்கடை. ஆடு சோர்ந்து நின்ற முதல் நாளே வியாபாரிக்குத் தகவல் போய்விட்டால் பாதி விலையாவது கிடைக்கும். இரண்டு நாள் வைத்தியம் பார்த்து அது செத்துப்போனால் ஒன்றும் கிடைக்காது. அதனால் மருத்துவரிடம் போவதா வேண்டாமா என்ற கேள்விக்கு முன்பாகவே, விற்றுவிடுவதா வேண்டாமா என்ற கேள்வி வந்து நிற்கிறது. காப்பீடு இல்லாத ஊரில் கறிக்கடைதான் காப்பீடு. இதன் கேடு இரண்டு வகையில் விரிகிறது. ஊசி போடப்பட்ட ஆடு மருந்து உடலிலிருந்து வெளியேறும் நாள்கள் கழிவதற்கு முன்பே வெட்டப்பட்டால் அந்த மருந்து உண்பவர் தட்டுக்கு வருகிறது. தொற்று நோய் கண்ட ஆடு சந்தைக்குப் போனால், எட்டயபுரத்திலோ மேலப்பாளையத்திலோ ஒரு காலைப் பொழுதில் அதன் பக்கத்தில் நின்ற ஆடுகள் மாலைக்குள் பல ஊர்ப் பட்டிகளுக்கு நோயைக் கொண்டுபோய்விடும். ஆனாலும் அந்தக் குடும்பத்தின் நிலையிலிருந்து பார்த்தால் அது செய்தது பகுத்தறிவுக்கு உட்பட்ட முடிவே. ஆட்டைப் பங்குக்கு, அதாவது வாரத்துக்கு வளர்ப்பவர்கள் நிலை இன்னும் சிக்கலானது: மருத்துவச் செலவு வளர்ப்பவருக்கு, விலையில் பாதி உரிமையாளருக்கு, இருவரில் யார் மருத்துவரை அழைப்பது என்பது தீராத பேச்சாகவே நின்றுவிடும்.

மருந்தகத்துக்கும் கறிக்கடைக்கும் இடையில் இருப்பவை மருந்துக்கடையும் ஊரில் ஊசி போடத் தெரிந்த ஆளும். குடற்புழு மருந்து, கழிச்சலுக்கு மாத்திரை, சளிக்கு ஊசி மருந்து என்று கேட்டதைக் கேட்டபடி கொடுக்கும் கடைகள் எல்லா ஊரிலும் உண்டு. 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டத்தின்படி பதிவு பெற்ற மருத்துவரே கால்நடைக்குச் சிகிச்சை அளிக்கலாம்; பட்டயமோ சான்றிதழோ பெற்ற பணியாளர்கள், மாநில அரசு ஆணையிட்டு அனுமதித்த சிறு மருத்துவப் பணிகளை மருத்துவரின் மேற்பார்வையில் செய்யலாம். சட்டம் சொல்வதற்கும் ஊரில் நடப்பதற்கும் இடையில் உள்ள தூரம் மருந்தகத்துக்கும் பட்டிக்கும் இடையில் உள்ள தூரத்தால்தான் உண்டாகிறது. ஊசி போடும் ஆள் இரவு ஏழு மணிக்கு, ஆடுகள் மேய்ச்சலிலிருந்து திரும்பிய பிறகு, வீட்டுக்கே வருகிறார். பணத்தைச் சந்தை முடிந்து கொடுத்தால் போதும் என்கிறார். அவர் போடும் மருந்து பொருத்தமற்றதாக இருக்கலாம், அளவு தவறாக இருக்கலாம். நுண்ணுயிர்க்கொல்லி ஒரே ஒரு நாள் போட்டு நிறுத்தப்படுவது நோயையும் தீர்க்காமல் கிருமியின் எதிர்ப்புத் திறனையும் வளர்க்கும். ஆனால் நேரம், இடம், கடன் ஆகிய மூன்றிலும் அவர் பட்டிக்காரரின் வாழ்க்கையை ஒட்டி நிற்கிறார். அவரை வெறும் போலி என்று பழித்துவிட்டு, அவர் நிறைவேற்றும் தேவையைக் காணாமல் விடுவது பயன் தராது.

இதுவரை சொன்னதெல்லாம் நோய் வந்த தனி ஆட்டைப் பற்றியது. வெள்ளாட்டைப் பொறுத்தவரை மருத்துவம் உண்மையில் பலன் தரும் இடம் தனி ஆடு அன்று, மந்தை. இதற்கு ஆட்டுக்கொல்லி நோயைக் காட்டிலும் தெளிவான சான்று இல்லை. சுருக்கமாகப் பி.பி.ஆர். என்று வழங்கும் இந்த நச்சுயிரி நோய் 1942-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. இந்தியாவில் இது முதலில் கண்டறியப்பட்டது 1987-இல், விழுப்புரம் பகுதியில் உள்ள அரசூரில். கடுங்காய்ச்சல், மூக்கிலும் கண்ணிலும் ஒழுக்கு, வாய்க்குள் புண், அதைத் தொடர்ந்து நாற்றமுள்ள கழிச்சல், இறுதியில் நுரையீரல் அழற்சி என்று சில நாள்களில் மந்தையைக் கலைத்துவிடும். மூக்கொழுக்கு காய்ந்து துவாரத்தை அடைத்துக்கொள்ள, ஆடு வாயைத் திறந்து மூச்சு வாங்கி நிற்கும். இளங்குட்டிகளில் பாதிக்கு மேல் இறப்பது அரிதன்று. நச்சுயிரியை அழிக்கும் மருந்து கிடையாது. இரண்டாம் நிலைத் தொற்றுக்கு ஊசியும் நீரிழப்புக்குத் திரவமும் கொடுத்துச் சில ஆடுகளைக் காக்கலாம், அவ்வளவே.

அதே நோய்க்கு ஒரு முறை போட்டால் குறைந்தது மூன்றாண்டு காக்கும் தடுப்பூசி இருக்கிறது. அரசூரிலிருந்து பிரிக்கப்பட்ட நச்சுயிரியைக் கொண்டே ‘அரசூர் 87’ என்ற தடுப்பூசியும், பிறகு வேறொரு நச்சுயிரி வகையைக் கொண்டு ‘கோயம்புத்தூர் 97’ என்ற தடுப்பூசியும் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்டன. இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ‘சுங்ரி 96’ நாடு முழுவதும் பயன்படுகிறது. இந்த நச்சுயிரியின் நெருங்கிய உறவான மாட்டு வெக்கை நோய் 2011-இல் உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. அதே வழியில் ஆட்டுக்கொல்லி நோயையும் 2030-க்குள் ஒழிப்பது உலக அளவிலான இலக்கு. ஆக, அறிவும் மருந்தும் நம் கையில் உள்ளன. சிக்கல் அவற்றைப் பட்டிவரை கொண்டுசேர்ப்பதில்தான்.

அந்தச் சிக்கலைப் புரிந்துகொள்ளத் தடுப்பூசிக் குப்பியையே உற்றுப் பார்க்க வேண்டும். உறைநிலையில் உலர்த்திய மருந்து ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில், பெரும்பாலும் 50 அல்லது 100 ஆடுகளுக்கு உரிய அளவில் வருகிறது. குளிர்ப்பெட்டியில் பனிக்கட்டியோடு கொண்டுவந்து, உடன் வரும் கரைசலில் கலந்து, ஆட்டுக்கு ஒரு மில்லி வீதம் தோலுக்கடியில் போட வேண்டும். கலந்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்; மிச்சத்தை நாளைக்கு வைத்திருக்க முடியாது. ஆறு ஆடு வைத்திருப்பவர் தாமாக மருந்தகத்துக்குப் போய்த் தடுப்பூசி போடச் சொன்னால், மருத்துவர் அந்த ஆறுக்காக ஒரு குப்பியை உடைப்பதற்குத் தயங்குவது இதனால்தான். ‘முகாம் வரும்போது போடுகிறோம், அப்போது வாருங்கள்’ என்ற பதிலோடு அவர் திரும்புகிறார். முகாம் நடக்கும் நாளில் ஆடுகள் மேய்ச்சலில் இருக்கும், அல்லது செய்தியே வந்து சேராது. வெள்ளாட்டு மந்தையின் இயல்பு இதை மேலும் கடினமாக்குகிறது. ஒவ்வோர் ஆண்டும் கிடாக்குட்டிகள் தீபாவளிக்கும் பக்ரீத்துக்கும் விற்றுப்போகின்றன, புதிய குட்டிகள் பிறக்கின்றன, சந்தையிலிருந்து புதிய ஆடுகள் வருகின்றன. மூன்றாண்டு காக்கும் ஊசியைப் போட்ட மந்தையில், மூன்றாம் ஆண்டு பார்த்தால் ஊசி போட்ட ஆடுகள் சிறுபான்மையாகிவிடும். ஆகவே நான்கு மாத வயதைத் தாண்டிய குட்டிகளுக்கு ஆண்டுதோறும் தவறாமல் போட்டால்தான் பயன். பத்துப் பதினைந்து வீட்டு ஆடுகளை ஒரே காலையில், மேய்ச்சலுக்கு ஓட்டும் முன் ஓரிடத்தில் நிறுத்தும் ஏற்பாடு ஒன்று ஊருக்குள் இருந்தால் போதும். ஒரு குப்பி வீணாகாமல் ஒரு தெருவே காக்கப்பட்டுவிடும்.

துள்ளுமாரி என்ற நோய் வேறு வகையில் பாடம் சொல்கிறது. முதல் மழை பெய்து புல் தளதளவென்று எழும்போது, பட்டினி கிடந்த ஆடு அதை வயிறு புடைக்க மேய்கிறது. குடலில் எப்போதும் வாழும் ஒரு நுண்ணுயிர் திடீரெனப் பெருகி நஞ்சைச் சுரக்கிறது. நேற்று மாலை நன்றாக இருந்த ஆடு விடியலில் கால்களை உதறித் துள்ளி விழுந்து சாகிறது. சிகிச்சைக்கு நேரமே கிடைக்காத இந்த நோய்க்கும் தடுப்பூசி உண்டு; மழைக்கு முன் போட்டாக வேண்டும். 1932-இல் தொடங்கப்பட்ட இராணிப்பேட்டைக் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் இத்தகைய தடுப்பூசிகளைத் தயாரித்துவரும் பழைய நிறுவனம். மழை பிடித்த பிறகு, ஊரில் நான்கு ஆடு செத்த பிறகு, போடும் ஊசி அந்த ஆண்டுக்குத் தாமதமானது. ஆனால் வளர்ப்போர் பெரும்பாலும் அப்போதுதான் கேட்டு வருகிறார்கள். கண்முன் சாவு தெரியாத நாளில், நலமாக நிற்கும் ஆட்டுக்கு ஊசி எதற்கு என்ற எண்ணம் எவருக்கும் இயல்பு, மாட்டுக்காரரும் அப்படித்தான். வேறுபாடு என்னவென்றால், தேசியக் கால்நடை நோய்த் தடுப்புத் திட்டத்தின் கீழ் 2019 முதல் கோமாரித் தடுப்பூசி சுற்றுச் சுற்றாக மாட்டுக் கொட்டிலுக்கே வருகிறது.

குடற்புழுதான் சத்தமின்றி அதிக நட்டம் செய்வது. இரைப்பையில் ஒட்டி இரத்தம் உறிஞ்சும் உருண்டைப் புழு, மழைக்குப் பின் ஈரப் புல்லின் நுனியில் இளம்புழுவாக ஏறி நிற்கிறது. ஆடு மெலிகிறது, உரோமம் மங்குகிறது, தாடைக்குக் கீழ் நீர் கோத்துக்கொள்கிறது. இதற்கு மருத்துவரே வேண்டியதில்லாத ஒரு சோதனை உண்டு. ஆட்டின் கீழிமையைக் கட்டைவிரலால் மெல்லக் கீழே இழுத்து, பகல் வெளிச்சத்தில் உட்புறத்தைப் பார்க்க வேண்டும்: செந்நிறமாக இருந்தால் கவலையில்லை, வெளிறிய இளஞ்சிவப்பானால் மருந்து வேண்டும், காகிதம் போல வெளுத்திருந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். இதைக் கற்ற ஒரு பெண் தன் பட்டியில் எந்த ஆட்டுக்கு மருந்து வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பிரித்துவிடுவார். எல்லா ஆட்டுக்கும் மூன்று மாதத்துக்கொரு முறை ஒரே மருந்தைக் கண்ணளவில் ஊற்றும் இப்போதைய வழக்கத்தைவிட இது மேலானது, ஏனெனில் குறைந்த அளவில் திரும்பத் திரும்பக் கொடுத்த மருந்துக்குப் புழுக்கள் பழகிவிடுகின்றன. வெள்ளாட்டின் உடல் செம்மறியைவிட விரைவாக இம்மருந்துகளை வெளியேற்றிவிடுவதால், செம்மறிக்கான அளவு வெள்ளாட்டுக்குப் பற்றாது என்பதும் கடைக்காரர் சொல்லாத செய்தி. அல்பெண்டசோல் போன்ற மருந்தைச் சினையின் தொடக்கத்தில் கொடுத்தால் கருவுக்கு ஊறு விளையும். தலையை மிகத் தூக்கிப் பிடித்து மருந்தை வேகமாக ஊற்றினால் அது மூச்சுக்குழாயில் இறங்கி, புழுவுக்குப் பதில் நுரையீரல் அழற்சியில் ஆடு சாகும். இப்படிப்பட்ட சாவுகளே ‘மருந்து ஊற்றினால் ஆடு செத்துவிடும்’ என்ற அச்சத்தை ஊரில் விதைக்கின்றன. எந்தப் புழு, எவ்வளவு என்று அறிய வேண்டுமானால் புதிய புழுக்கையில் ஒரு கைப்பிடியை நெகிழிப் பையில் கட்டி மருந்தகத்துக்கு எடுத்துச் சென்றால் போதும். ஆட்டைத் தூக்கிச் செல்ல வேண்டியதில்லை என்பதாலேயே இது பட்டிக்காரருக்கு உகந்த சேவை. மிகக் குறைவாகவே பயன்படுவதும் இதுதான்.

பயன்படாமல் கிடக்கும் இன்னொரு சேவை இறந்த ஆட்டின் உடற்கூறு ஆய்வு. காப்பீட்டுத் தொகைக்கும் நாய் கடித்த ஆட்டுக்கான இழப்பீட்டுக்கும் சான்று வேண்டும் என்பதற்காகவே அது பெரும்பாலும் கேட்கப்படுகிறது. ஆனால் அடுத்தடுத்து ஆடுகள் இறக்கும் பட்டியில், முதல் சடலத்தை அழுகும் முன் கொண்டுவந்து திறந்து பார்த்தால், சிறுநீரகம் கூழாகியிருக்கிறதா, இரைப்பையில் புழுக்கள் நெளிகின்றனவா, நுரையீரல் இறுகிச் சிவந்திருக்கிறதா என்பதைக் கொண்டு மருத்துவர் மிச்சமுள்ள ஆடுகளுக்கு என்ன செய்வது என்று சொல்லிவிட முடியும். ஐயம் மிஞ்சினால் மாதிரியை மாவட்டத்தின் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கு அனுப்பலாம். ஒரு விதிவிலக்கை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். திடீரென இறந்த ஆட்டின் மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத கருஞ்சிவப்பு இரத்தம் வடிந்தால் அது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம். அந்த உடலைத் தொடவோ, அறுக்கவோ, உரிக்கவோ கூடாது. அது மனிதரையும் கொல்லும். மருத்துவருக்குத் தகவல் சொல்லி, அவர் சொல்லும்படி சுண்ணாம்பிட்டு ஆழக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும்.

கடந்த சில ஆண்டுகளில் இரு மாற்றங்கள் வந்துள்ளன. பரண் அமைத்து நூறு ஆடுகளுக்கு மேல் வளர்க்கும் பண்ணைகள், தேசியக் கால்நடை இயக்கத்தின் மானியத்தாலும் ஊக்கம் பெற்று, பெருகியிருக்கின்றன. இவர்களுக்கு மருத்துவரோடு உள்ள உறவு கோழிப்பண்ணையாளரின் உறவை ஒத்தது: தடுப்பூசி அட்டவணை, தீவனக் கணக்கு, மாதக் கட்டணத்தில் தனியார் மருத்துவர், அலைபேசியில் படம் அனுப்பிக் கேட்கும் வசதி. ஒரு வருகையின் செலவு நூறு ஆடுகளுக்குப் பகிரப்படும்போது மேலே சொன்ன கணக்கு தலைகீழாகிவிடுகிறது. அறிவு வளர்ந்ததால் வந்த மாற்றமாக இதைக் கருதுவது பிழை. இரண்டாவது, 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைத்தால் வரும் நடமாடும் மருத்துவ ஊர்தி. ஈற்றில் குட்டி சிக்கிய ஆட்டுக்கும் எலும்பு முறிந்த ஆட்டுக்கும் இது பெரும் உதவி. ஆனால் ஒரு லட்சம் கால்நடைக்கு ஓர் ஊர்தி என்ற அளவில் திட்டமிடப்பட்ட ஏற்பாடு, ஒரு குட்டியின் கழிச்சலுக்கு உரிய நேரத்தில் வந்து சேரும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஐந்தாறு ஆடுகளோடு வாழும் பெருந்தொகையினருக்கு இதைவிடப் பொருத்தமான ஓர் ஏற்பாடு ஜார்க்கண்டிலும் பீகாரிலும் வேர்கொண்டிருக்கிறது. ஊர்ப் பெண்களுள் ஒருவரையே தேர்ந்தெடுத்து, ஆடு வளர்ப்பிலும் முதலுதவியிலும் பயிற்சி தந்து, ‘பசு சகி’ (இந்தியில் ‘கால்நடைத் தோழி’) என்ற பெயரில் மகளிர் குழுக்களோடு இணைத்திருக்கிறார்கள். குடற்புழு மருந்து கொடுப்பது, தடுப்பூசி நாளுக்கு ஆடுகளைச் சேர்ப்பது, கிடாக்குட்டிக்கு விதை நீக்கம் செய்விப்பது, எந்த ஆட்டை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று இனங்காண்பது ஆகியவற்றுக்கு ஆட்டுக்கு இத்தனை என்று சிறு கட்டணம் பெறுகிறார். மாலையில் வீட்டுக்கு வருகிறார், கடனுக்கும் செய்கிறார். ஊசி போடும் ஆளிடம் இருந்த வசதிகள் அனைத்தும் இவரிடம் இருக்கின்றன, கூடவே பயிற்சியும் மேற்பார்வையும் இருக்கின்றன. 2011-இல் தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டத்தில் ஏழைப் பெண்களின் பெயருக்குக் குடும்பத்துக்கு நான்கு ஆடுகள் வீதம் வழங்கிய தமிழ்நாட்டில், அந்த ஆடுகளுக்கு இப்படியொரு துணை ஊருக்குள்ளேயே அமையாதது பெருங்குறை. மகளிர் சுய உதவிக் குழுக்கள் இங்கே ஊர்தோறும் இருக்கின்றன; மருத்துவரின் மேற்பார்வையில் சிறு பணிகளை அனுமதிக்கும் வழியும் 1984-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் அந்தப் பெண்ணுக்குப் பனிக்கட்டியோடு கூடிய குளிர்ப்பெட்டியும் குப்பியும் மருந்தகத்திலிருந்தே வர வேண்டும். அவர் அனுப்பும் வெளுத்த இமை ஆட்டை மருத்துவர் அன்றே பார்த்தாக வேண்டும். மருந்தகத்தில் பணியிடம் காலியாகக் கிடந்தால் இவ்விரண்டும் நடக்காது, ஊருக்குள் எவ்வளவு நல்ல பணியாளர் இருந்தாலும்.